ஓடக்காரி பேராச்சி படத்தில் இல்லை

ஒன்பது தலை மந்திரவாதிக்குப் படத்தில் மூன்றே தலைதான் இருந்தது. அதைக்கூடக் கள்ளிமடைக்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டரில் மீதி ஆறையும் வரைய நேரம் பத்தவில்லை போலிருக்கிறது என்று தங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். இளவரசன் ஆதிரன் தவம் கிடக்க வேண்டிய பனிக்குகையில் இருபது பெண்களோடு ஆடியதையும், பறக்கும் குதிரை என்று காட்டிய உருப்படி இறக்கை கட்டிய கழுதை மாதிரி இருந்ததையும், ஏழு பாகக் கதை இரண்டரை மணி நேரத்தில் யானைப் பசிக்குச் சோளப்பொரியாகப் போனதையும்கூட, பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று சொல்லி, கையிலிருந்த முறுக்கைக் கடித்தபடியே மன்னித்துவிட்டார்கள். ஆனால் இடைவேளைக்குப் பிறகு கரையில்லா ஆறு வந்தது, ஆதிரன் அதன் முன்னால் போய் நின்றான், அமுதா டாக்கீஸில் இருந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலி நுனிக்கு வந்தார்கள், அவனோ ஒரு பாட்டைப் பாடி, பாட்டு முடிவதற்குள் ஆற்றைப் பறந்தே தாண்டிவிட்டான். ஓடம் வரவில்லை. ஓடக்காரி பேராச்சி வரவில்லை.

"ஏலே, பேராச்சிய எங்கலே?" என்று நடு வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. அது சுடலைவடிவின் குரல். தீப்பெட்டி ஆபீஸில் முப்பது வருஷம் குச்சி அடுக்கியவள். அவள் எழுந்து நின்றால் ஊரே எழுந்து நிற்கும். நின்றது. ஆபரேட்டர் பயந்துபோய் ஆற்றுக் காட்சியை மறுபடியும் ஓட்டிக் காட்டினார். அப்போதும் பேராச்சி இல்லை.

படத்தின் மூலக்கதையான 'வெண்கலக் காடு' எங்கள் கள்ளிமடைக்கு வந்த விதத்தைச் சொன்னால்தான் இந்தக் கோபம் விளங்கும். அது வாராவாரம் பத்திரிகையில் வந்த தொடர்கதை. எங்கள் தீப்பெட்டி ஆபீஸில் நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்குவார்கள்; பழகிய கைக்குக் கண் வேண்டாம், காது சும்மா கிடக்கும், அதனால் வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானச் சாப்பாட்டு மணிக்கு முன்னால் ஒருத்தி வாசிக்க நாற்பது பேர் கேட்பார்கள். வாசிக்கிறவளுக்கு வேலை கெட்டுப்போகுமே என்று, கேட்டவர்கள் ஆளுக்கொரு சட்டம் அவள் பேருக்கு அடுக்கிக் கொடுப்பார்கள். அப்படி வாசித்தவள் தங்கபுஷ்பம். அப்போது அவளுக்கு இருபது வயது. வாசித்து முடித்ததும் பக்கங்களைக் கிழியாமல் வெட்டி எடுத்துச் சேர்த்து, வருஷக் கடைசியில் அட்டை போட்டுப் பைண்டிங் செய்துவிடுவாள். எட்டு வருஷத்துக்கு எட்டுத் தடித்த பைண்டிங். பிற்பாடு அந்தக் கதை ஏழு பாகமாக அச்சில் வந்து நாடெங்கும் விற்றபோது எங்கள் ஊரில் ஒருத்தர்கூட வாங்கவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? எல்லோரும் பைண்டிங்கைத்தான் படித்தார்கள், அவர்கள் பிள்ளைகளும் அதைத்தான் படித்தார்கள், தீப்பெட்டி ஆபீஸ் மூடியபின் தங்கபுஷ்பம் வைத்த வாடகை நூலகத்தில் இன்றைக்கும் எண்ணெய்க் கறையோடு அது இருக்கிறது.

அந்தக் கதையில் ராஜா உண்டு, ராணி உண்டு, மந்திரவாதி உண்டு. ஆனால் ஊர் உயிரை விட்டது பேராச்சி மேல்தான். ஒன்றரை ஆள் உயரம். கரையில்லா ஆற்றில் ஓடம் விடுகிறவள். மற்றவர்கள் எல்லாம் "தங்கள் சித்தம் என் பாக்கியம்" என்று பேசும் கதையில் அவள் ஒருத்திதான் எங்களைப் போல் பேசுவாள். அம்மாவை நினைத்து விம்மிய ஆதிரனைப் பார்த்து, "ஏலே ராசா, அழுத நேரத்துக்கு ரெண்டு துடுப்புப் போட்டிருந்தா கரை வந்திருக்கும்லா" என்று சொன்னாளே, அது எங்கள் ஊரில் பழமொழியாகிப் பரீட்சையில் தோற்ற பிள்ளைக்கும், மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போன பெண்ணுக்கும் சொல்லப்பட்டு வந்தது. சென்னையிலிருந்து வந்த புது மாப்பிள்ளை ஒருவர், "அச்சுப் புத்தகத்துல பேராச்சின்னு யாருமே இல்லியே" என்றபோது, "பேப்பரை மிச்சம் பிடிக்கப் பதிப்பகத்தான் வெட்டியிருப்பான்" என்று சொல்லி அவருக்கு இன்னும் இரண்டு இட்லி வைத்தார்கள்.

உண்மை தங்கபுஷ்பம் ஒருத்திக்குத்தான் தெரியும். இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால், ஆதிரன் ஆற்றங்கரையில் திகைத்து நின்றிருந்த வாரத்தில், லாரி ஸ்டிரைக் வந்தது. மூன்று வாரம் பத்திரிகை வரவில்லை. நாற்பது பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஒரு பழைய இதழை விரித்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாத ஓடத்தை, அதில் இல்லாத பேராச்சியை, மூன்று வெள்ளிக்கிழமையும் தன் வாய்க்கு வந்தபடி வாசித்துவிட்டாள். நாலாவது வாரம் லாரி வந்தது. கதையில் ஆதிரன் அக்கரையில் காட்டுக்குள் நடந்துகொண்டிருந்தான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பைண்டிங் போடும்போது மட்டும், அந்த மூன்று வாரத்தையும் நோட்டுத் தாளில் கையால் எழுதிச் சேர்த்து, "மழையில நனைஞ்சு போச்சுக்கா, அதான் காப்பி எடுத்தேன்" என்று சொல்லிவிட்டாள். பதினோரு மாதமாக மழை பெய்யாத ஊரில் அதையும் நம்பினார்கள். அன்றிலிருந்து அவளுக்கு நெஞ்சுக்குள் ஒரு முள். தெரிந்தால் ஊர் என்ன சொல்லும்? நாற்பது பேரும் தன் பேருக்கு அடுக்கிக் கொடுத்த சட்டங்களை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

படம் வந்த அன்றைக்குச் சாயங்காலமே எல்லோரும் நூலகத்து வாசலில் கூடி, பேராச்சியைத் திரும்பப் படத்தில் சேர்க்க வேண்டும் என்று ஆயிரத்து இருநூறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். தங்கபுஷ்பமும் போட்டாள்.

மூன்றாம் நாள் மேட்னி ஷோவில், ஆதிரன் கரையில்லா ஆற்றின் முன்னால் போய் நின்ற அதே நேரத்தில், டாக்கீஸின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, குனிந்து, பேராச்சி உள்ளே வந்தாள். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. வலது கை தலைக்கு மேல் உயர்ந்து துடுப்பைப் பிடித்திருந்தது. டிக்கெட் கிழிக்கும் கோட்டைமுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "டிக்கெட்?" என்றான்.

"ஓடக்காரிகிட்ட யாருலே டிக்கெட் கேக்கது?" என்றாள் பேராச்சி.

அது நியாயம்தான் என்று கோட்டைமுத்துவுக்குப் பட்டது. அவள் நடுவழியில் நின்று, ஆதிரன் பாடுவதையும் பறப்பதையும் பார்த்து, "பாவிப்பய, என்னைய விட்டுட்டுப் போறானே" என்று சொன்னாள். பின்வரிசைக்காரர்கள், "உக்காரு தாயி, மறைக்கி" என்றார்கள்.

"உக்காரத்தான் நானும் பாக்கேன். என்னைய எழுதின கை என்னைய உக்கார எழுதலியே. துடுப்பைத் தூக்குனேன், அந்தப் பய கரையில குதிச்சு ஓடுனான், கதை அவன் பின்னாலயே போயிருச்சு. அன்னைக்குத் தூக்குன கை. எழுதின கையக் கண்டுபிடிச்சு ஒரே ஒரு வரி வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

டாக்கீஸே "அச்சச்சோ" என்றது. படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதை அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை.

அவளைக் கொள்ளும் வாசல் ஊரில் இல்லாததால் டாக்கீஸ் சைக்கிள் ஸ்டாண்டில் இடம் ஒழித்து, துடுப்புக்காகத் தகரக் கூரையில் ஒரு ஓட்டை வெட்டிக் கொடுத்தார்கள். மின்வாரியத்துக்காரர்கள் வந்து வயரை இரண்டு அடி உயர்த்திக் கட்டினார்கள். கையை இறக்க முடியாதவளுக்குத் தலைவழியாக ஜாக்கெட் மாட்ட முடியாது என்பதால், டெய்லர் தோளிலிருந்து இடுப்பு வரை ஊக்கு வைத்து ஒரு ஜாக்கெட் தைத்தார். ஒரு வாரத்துக்குள் அந்த மாதிரிதான் வேண்டும் என்று நாலு பேர் அளவு கொடுத்துவிட்டார்கள். வலது கை உயரத்தில் இருக்க இடது கையால் சாப்பிடவா என்று பெண்கள் பதறி, ஏணி போட்டு ஏறி ஊட்டிவிட்டார்கள். யார் ஊட்டுவது என்பதில் வடக்குத் தெருவுக்கும் கீழத் தெருவுக்கும் பேச்சுவார்த்தை நின்று, கெடா வெட்டு விருந்தில் மறுபடி சேர்ந்தது. வாக்காளர் பட்டியலுக்குப் பிறந்த தேதி கேட்டு வந்தவரிடம், "தேதி தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு மணிக்கு முன்னாடி" என்றாள் பேராச்சி. அவரும் அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

துடுப்பு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கரையில்லா ஆற்றுத் தண்ணீர். சர்க்கரை போடாமலே காப்பி இனித்தது. மூன்று நாளைக்கு ஒரு தரம் லாரியில் தண்ணீர் வரும் ஊரில் சும்மா விடுவார்களா? குடங்கள் வரிசைகட்டின, தெருவுக்கு ஒரு கிழமை என்று முறை வைத்தார்கள். பேராச்சி குடத்துக்கு ஒரு வசவு வைத்தாள், வாங்கிக்கொண்டு சிரித்தபடி போனார்கள். வசவு விழாத அன்றைக்குத் தண்ணீர் ருசிக்கவில்லை என்று சொன்னவர்களும் உண்டு.

தங்கபுஷ்பம் மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. நாலைந்து நாள் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனாள். ஆறாம் நாள் உச்சிவெயிலில், ஊர் உண்டு உறங்கும் நேரம் பார்த்து, நல்லெண்ணெய் காய்ச்சி எடுத்துக்கொண்டு போய் ஏணியில் ஏறினாள். பேராச்சியின் தோள் கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. எண்ணெயைத் தொட்டு வைத்ததும் அந்தப் பெரிய உடம்பு சிலிர்த்தது.

"வலிக்கா?" என்றாள் தங்கபுஷ்பம்.

"வலிக்காம என்னட்டி செய்யும்? ஊர்ல எல்லாருக்கும் முன்னால சிரிச்சுக்கிட்டு நிக்கேன். ராத்திரியானா தோளைக் கழட்டி வச்சிரலாமான்னு இருக்கு." பேராச்சி தலையைத் திருப்பாமலே கேட்டாள். "ஒன் குரலை எங்கயோ கேட்டிருக்கேனே."

தங்கபுஷ்பம் ஏணியிலிருந்து இறங்கி ஓடிவந்துவிட்டாள். ஒரு வரி எழுதினால் போதும், அந்த வலி தீர்ந்துவிடும். யாருக்கும் தெரியாமல் எழுதிவிடலாம் என்று அன்றைக்கே நூலகத்தைச் சாத்திக்கொண்டு எழுதியும் பார்த்தாள். எட்டிப் பார்த்தால் துடுப்பு அப்படியே கூரைக்கு மேல் நின்றது. நாற்பது பேர் காதில் விழுந்து பிறந்தவள், ஒளித்து எழுதிய வரிக்கு எப்படி அசைவாள்? எல்லோரும் கேட்கச் சொல்ல வேண்டும். அது புரிந்ததும் தங்கபுஷ்பம் உட்கார்ந்து அழுதாள்.

ஊர் இதற்குள் கதாசிரியர் வாகைநம்பிக்குத் தபால் மேல் தபால் போட்டிருந்தது. அவர் ஒரு வரி எழுதினால் துடுப்பு இறங்கிவிடும், தண்ணீரும் நின்றுவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்தேயிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போட்டால் என்ன என்று ஒருவர் இழுத்தபோது சுடலைவடிவு, "லாரித் தண்ணி குடிச்சு நாம சாகலை. ஒருத்தி கைவலியில குடம் ரொப்ப நமக்கென்ன தலையெழுத்தா?" என்றாள். இழுத்தவரே போய் அடுத்த தபாலையும் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாகைநம்பி வந்து இறங்கினார். எழுபது வயது, மெலிந்த மனிதர். ஊர் டாக்கீஸ் முன்னால் திரண்டிருந்தது. படத்தைப் பற்றி எல்லோரும் ஒரே நேரத்தில் அவரிடம் முறையிட, அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "நானும் பார்த்தேன். அந்தக் கழுதை வந்தப்போ எழுந்து வெளியே வந்துட்டேன். ஏழு பாகம் எழுதினவன் ஒரு டீக்கடையில உட்கார்ந்து அழுதேங்க" என்றார். ஊருக்கு அவரை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. படத்தை வெறுப்பதில் இப்படி ஒரு சொந்தம் கிடைக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

பிறகு அவர் பேராச்சியை அண்ணாந்து பார்த்தார். பேனாவைத் திறந்து, "ஓடக்காரி பேராச்சி துடுப்பைத் தாழ்த்தினாள்" என்று எழுதி உரக்க வாசித்தார். துடுப்பு அசையவில்லை. "நெடுந்துயர் தீர்ந்த நங்கை தன் பொற்கரம் தாழ்த்தினாள்" என்று எழுதி வாசித்தார். பேராச்சி, "என்னலே சொல்லுதாரு இவரு?" என்று கேட்டாள். அவர் பேனாவை மூடினார்.

"நான் உண்மையைச் சொல்லிடறேன். இவங்களை நான் எழுதலை. லாரி ஸ்டிரைக் அப்போ மூணு வாரம் பத்திரிகையே அச்சாகலை. எனக்கும் ஆத்தை எப்படித் தாண்ட வைக்கிறதுன்னு தெரியலை. நாலாவது வாரம் அவனைத் தூக்கி அக்கரையில போட்டுட்டேன். என் கதையில ஒருத்தரும் 'ஏலே'ன்னு பேசினதில்லை. பேச வச்சிருக்கலாம். எனக்குத் தோணலை."

வயசாகிவிட்டது, மறந்துவிட்டார் என்று ஊர் அவருக்காக இரக்கப்பட்டது. பைண்டிங்கைக் கொண்டுவந்து கையால் எழுதிச் சேர்த்த தாள்களை விரித்து நீட்டினார்கள். அவர் நின்றபடியே படித்தார். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது, ஓரிடத்தில் வாய்விட்டுச் சிரித்தார், மூன்றாம் வாரத்தின் கடைசி வரியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது யாரோட எழுத்து?" என்றார்.

தங்கபுஷ்பம் பேராச்சியின் தோளை அண்ணாந்து பார்த்தாள். ஊர் மொத்தமும் காறித் துப்பினாலும் துப்பட்டும், அந்தத் தோள் இனி ஒரு நாள் வலிக்கக் கூடாது என்று நினைத்தாள். முன்னால் வந்தாள்.

"என்னோடது. மழையில நனையலை. பத்திரிகை வரலைன்னு சொல்ல மனசு வராம நானா இட்டுக்கட்டி வாசிச்சேன். இருபத்துநாலு வருசமா உங்க எல்லாரையும் ஏமாத்தியிருக்கேன்."

நாற்பது பேரில் உயிரோடிருந்த முப்பத்தொரு பெண்களும் அவளைப் பார்த்தார்கள். சுடலைவடிவு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் எதிரில் நின்றாள். கையை ஓங்கினாள். தங்கபுஷ்பம் கண்ணை மூடிக்கொண்டாள். ஓங்கிய கை அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடக்குப் போட்டது.

"சண்டாளி," என்றாள் சுடலைவடிவு. "அந்த மூணு வாரத்துக்காகத்தானட்டி மத்த நானூறு வாரத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தோம். திரும்ப வருவா, திரும்ப வருவான்னு. மூணோட ஏன் நிப்பாட்டுன? அதைச் சொல்லு மொதல்ல."

"ஸ்டிரைக் முடிஞ்சிருச்சேக்கா" என்றாள் தங்கபுஷ்பம்.

சிரிப்பு முன்வரிசையில் தொடங்கி, கூட்டத்தின் கடைசிவரை போய், திரும்பி வந்தது. சிரித்தவர்களில் பலர் அழுதுகொண்டும் இருந்தார்கள். சுடலைவடிவு குனிந்து முதுகைக் காட்டினாள். அந்த முதுகில் தாளை வைத்து, வாகைநம்பி நீட்டிய பேனாவால் தங்கபுஷ்பம் எழுதினாள். எழுதி முடித்து, தீப்பெட்டி ஆபீஸில் நாற்பது பேருக்கும் கேட்க வாசித்த அந்த வெண்கலத் தொண்டையில் வாசித்தாள்: "கரை வந்துருச்சு. போதும்னு துடுப்பைக் கீழ வச்சுட்டுப் பேராச்சி அப்பாடான்னு உக்காந்தா."

"இந்தக் குரல்தான்," என்றாள் பேராச்சி. துடுப்பு இறங்கியது. மெதுவாக, முழங்கை மடங்கி, தோள் தாழ்ந்து, இருபத்துநாலு வருஷத்துக் கை தரைக்கு வந்து சேர்ந்தது. தண்ணீர் நின்றது, ஒருவரும் குடத்தைப் பார்க்கவில்லை. பேராச்சி டாக்கீஸ் படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகும் நின்றவர்களைவிட ஒரு சாண் உயரமாக இருந்தாள். இடது கையால் வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு, கண்ணை மூடி, "யம்மாடி" என்றாள். அதைப்போல ஒரு சந்தோஷமான சத்தத்தை எங்கள் ஊர் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

முப்பத்தொரு பெண்களும் அவளைச் சுற்றித் தெருவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களைப் பார்த்து ஊரும் உட்கார்ந்தது. டிக்கெட் கவுண்டரில் காலைக் காட்சிக்கு ஆளில்லாமல் கோட்டைமுத்துவும் வந்து உட்கார்ந்தான். தங்கபுஷ்பம் மட்டும் தாளும் கையுமாக நின்றாள். எல்லோரும் எதற்கு உட்காருகிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

வாகைநம்பி வேட்டியை மடித்துக்கொண்டு, இரண்டு பெண்களுக்கு நடுவில், "கொஞ்சம் தள்ளி உட்காருங்கம்மா" என்று இடம் கேட்டு வாங்கி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அவளை அண்ணாந்து பார்த்தார்.

"அப்புறம்?" என்றார்.